அரிசி மூட்டை முட்டுக்கொடுத்த கதவு

குசினியிலிருந்து மாடிப்படி நடைவழிக்குத் திறக்கும் கதவுக்கு ஓர் இருபது கிலோ பாஸ்மதி அரிசி மூட்டை முட்டுக்கொடுத்திருந்தது. தீயணைப்பு அதிகாரி குனிந்து அந்த மூட்டையை இரண்டு கைகளாலும் நகர்த்தினார். கதவு அசையவில்லை. மேலே இருக்கவேண்டிய, கதவைத் தானாக மூடவைக்கும் கருவியை எவரோ எப்போதோ கழற்றியிருந்தார்கள். சட்டத்தில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. "இந்தக் கதவு எதற்காக இங்கே இருக்கிறது என்று தெரியுமா?" என்று கேட்டார். சமையல் வாசம் வீட்டுக்குள் போகாமல் இருக்க என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்று நாள்களுக்கு முன் அந்த நடைவழியால்தான் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இரவு உடையோடு, புகைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கு ஓடியிருந்தார்கள்.

அந்தப் பப்பை, அதாவது மதுவிடுதியை, அதன் சொந்தக்காரரான ஒரு கம்பனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது 2018 அக்டோபரில். அதற்கு முன் பதினொரு வருடம் லண்டனின் ஓரத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை. மேற்கு மிட்லண்ட்ஸ் பக்கம் பஞ்சாபிகள் பழைய ஆங்கிலப் பப்களை எடுத்து, பியரோடு தந்தூரியும் கொடுத்து ஊரையே உள்ளே இழுத்துவைத்திருப்பதைப் பார்த்து வந்த ஆசை அது. தந்தூரி அவர்களிடம் இருக்கட்டும், நாங்கள் கொத்து ரொட்டி போடுவோம் என்று மனைவியிடம் சொன்னேன். "பிள்ளைகளுக்குத் தனித்தனி அறை உண்டா?" என்றுதான் அவள் கேட்டாள். உண்டு. கீழே தொழில், மேலே வீடு, இரண்டுக்கும் ஒரே வாடகை. எங்களைப் போன்றவர்களை இந்தத் தொழிலுக்குள் இழுப்பதில் பாதி அந்த மாடி வீடுதான்.

கட்டடம் விக்டோரியா காலத்தது. நிலவறையில் பியர் பீப்பாய்கள், தரைத்தளத்தில் பாரும் குசினியும், முதல் மாடியில் எங்கள் வீடு, அதற்கும் மேலே கூரையின் சரிவுக்குக் கீழ் ஒரு சிறிய அறை. அந்த அறையில் எங்கள் சமையல்காரத் தம்பி இருந்தான். மனைவியின் ஊர்ப் பையன். மேலிருந்து கீழே வர ஒரே மரப்படிக்கட்டு. அது குசினிக்குப் பின்னால் இருக்கும் நடைவழியில் முடியும். நடைவழியின் முனையில் பின்கதவு. படிக்கட்டின் அடியில் ஓர் அலுமாரி.

ஒப்பந்தம் எழுபது பக்கத்துக்கு மேல். நான் வாசித்தவை வாடகை, முன்பணம், எந்தப் பியரைக் கம்பனியிடமே வாங்கவேண்டும் என்ற பட்டியல் ஆகிய மூன்றுதான். பழுதுபார்ப்புப் பகுதியை வழக்கறிஞர் தொலைபேசியில் இரண்டு வரியில் சொன்னார்: உட்புறம் உங்களுடையது, கூரையும் கட்டமைப்பும் அவர்களுடையது. நியாயமாகத்தான் பட்டது. தீப் பாதுகாப்பு பற்றி எனக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை. ஏனென்றால் அலுவலக அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஒரு தீப் பாதுகாப்புச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடம் ஒருகாலத்தில் மேலே அறைகளை வாடகைக்கு விட்ட விடுதியாக இருந்ததாம். அப்போது தீயணைப்புப் படை கொடுத்த சான்றிதழ். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அப்படிக் கொடுப்பார்கள். 2006 அக்டோபர் 1 முதல் அந்தச் சான்றிதழ்களுக்குச் சட்டப்படி ஒரு மதிப்பும் கிடையாது. அதற்கும் ஒரு வாரத்துக்கு ஒருமுறை நான் தூசு தட்டிவந்தேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. நல்ல கூட்டம். குசினியை மூடியபின் வழக்கம்போல எண்ணெய் துடைத்த துணிகளை எல்லாம் இயந்திரத்தில் துவைத்து, டிரையரில் காயவைத்து, சூட்டோடு சூடாக மடித்து, பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி, படிக்கட்டின் அடியிலிருந்த அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். துணிகளை நீவி மடிப்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. படுக்கும்போது ஒன்றரை மணி இருக்கும்.

இரண்டே முக்கால் மணிக்குத் தம்பி விழித்திருந்தான். தாயாரோடு பேசுவதற்கு அவனுக்கு வாய்த்த நேரம் அதுதான். ஊரில் அப்போது காலை எட்டே கால். பேச்சின் நடுவில் தாயாரிடம், "என்னவோ எரிகிற நாற்றம் வருகிறது, வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்திருக்கிறான். எங்கள் அறைக் கதவைத் தட்டி, "அண்ணா, புகை. கெதியாக எழும்புங்கள்" என்றான். சத்தம் போடவில்லை. அந்த நிதானத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புத்தான். படிக்கட்டின் பலகை இடுக்குகள் வழியாகப் புகை நூல் நூலாக மேலே வந்துகொண்டிருந்தது. சின்னவனை நான் தூக்கிக்கொண்டேன். அலுமாரியைத் திறந்து பார்க்கவேண்டும் என்று கை போனது. தம்பி என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். திறந்திருந்தால் காற்றுக் கிடைத்துக் கொழுந்துவிட்டிருக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

பின்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் ஒரு பூட்டும். திறப்பு அலுவலக அறையில், ஆணியில். அதை எடுக்க நான் புகைக்குள் ஒன்பது அடி திரும்பி நடந்தேன்.

தீயணைப்பு வீரர்கள் அந்தக் கூடையை வெளியே எடுத்துத் தெருவில் வைத்தபோது பிளாஸ்டிக் உருகித் தட்டையாகியிருந்தது. துணி அடுக்கின் வெளிப்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. நடுவில் மட்டும் கரி. மின்கோளாறு இல்லை, சிகரெட் இல்லை. துணி தானாகவே எரிந்தது. சமையல் எண்ணெய் துணியில் ஊறினால் சாதாரணத் துவைப்பில் முழுவதும் போகாது. மிச்சமிருக்கும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்லச் சூடாகும். டிரையரின் சூடு அதைத் துரிதப்படுத்தும். சூட்டோடு அடுக்கி வைத்தால் உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். நாம் உறங்கியபிறகு பற்றும். உணவகம் நடத்துகிறவர்கள் இந்த ஒரு பத்தியையாவது வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். துணியை வெந்நீரில், தாராளமாகச் சோப்புப் போட்டுத் துவையுங்கள். டிரையர் கடைசியில் குளிர்காற்று ஓட்டும் கட்டத்தை முடிக்கும்வரை கதவைத் திறக்காதீர்கள். உதறிப் பரப்பி ஆறவிட்டபின் மடியுங்கள். நாங்கள் அதன்பிறகு கொடியில் காயவைக்கிற பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டோம்.

இனி அந்த அதிகாரி வந்த நாள்.

நான் முதலில் சொன்னது: "மேலே இருப்பது என் வீடு. அதைப் பார்க்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று நினைக்கிறேன்." இணையத்தில் வாசித்துவிட்டுப் பேசிய பேச்சு. அவர் கோபப்படவில்லை. பாதி சரி என்றார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்பில் இருக்கும் 2005ஆம் ஆண்டுத் தீப் பாதுகாப்பு ஆணை, ஒரு குடும்பம் தனியாக வாழும் வீட்டுக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை. ஆனால் கீழே இருக்கும் பாரும் குசினியும் நிலவறையும் வேலைத்தலம். அங்கே தீப்பிடித்தால் யார் யாருக்கு ஆபத்து என்று எண்ணிப் பார்க்கும்போது, குடிக்க வந்தவரும் வேலையாளும் மட்டும் கணக்கில் வருவதில்லை. மேலே உறங்குகிறவர்களும், பக்கத்துக் கட்டடக்காரரும்கூட வருவார்கள். "உங்கள் படுக்கையறையை நான் பரிசோதிக்க வரவில்லை. உங்கள் பார் உங்கள் படுக்கையறைக்கு என்ன செய்யும் என்று கேட்க வந்திருக்கிறேன்" என்றார்.

தம்பியின் அறை வேறு. அவன் என் வேலையாள். அவனைத் தங்கவைத்திருப்பது நான். அவனும் நாங்களும் பொதுவாகப் பயன்படுத்தும் படிக்கட்டு வீட்டின் உட்படிக்கட்டு ஆகாது. அதைச் சட்டத்துக்கு உட்பட்ட இடமாகத்தான் அவர் எழுதினார். அவனுக்கு இடம் கொடுத்ததை உதவி என்று மட்டும் நான் நினைத்திருந்தேன்.

அடுத்து அவர் கேட்டது மதிப்பீட்டு அறிக்கை. தீ அபாய மதிப்பீடு செய்யவேண்டியவர் "பொறுப்பாளர்". ஆளை வைத்து வேலைவாங்கும் இடத்தில் அந்த இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் முதலாளிதான் பொறுப்பாளர். அதாவது நான். என்னிடம் ஓர் அறிக்கை இருந்தது, முந்தைய குத்தகைக்காரர் விட்டுப்போனது. அவர் அதைப் புரட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் வேறொரு பப்பின் பெயர் இருந்தது. பதினொராம் பக்கத்தில், மின்தூக்கியைத் தீயின்போது பயன்படுத்தவேண்டாம் என்று அறிவுரை. எங்கள் கட்டடத்தில் மின்தூக்கியே கிடையாது. அவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்றே ஒரு தடை அறிவித்தல் கிடைத்தது: சொல்லப்பட்ட திருத்தங்கள் முடியும்வரை மேல்தளங்களில் எவரும் உறங்கக்கூடாது. அது உடனே நடைமுறைக்கு வரும். கூடவே, மற்றக் குறைகளுக்காக ஓர் அமலாக்க அறிவித்தல். இதற்குக் குறைந்தது 28 நாள் அவகாசம் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். இரண்டையும் எதிர்த்து 21 நாளுக்குள் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். போக எனக்கு என்ன முகம் இருந்தது? ஹாரோவில் மனைவியின் அக்கா வீட்டில் ஆறு கிழமை பாய் விரித்துப் படுத்தோம். நான் தினமும் பப்புக்குப் போய்வந்தேன். மீறினால் உச்சவரம்பில்லாத அபராதமும் இரண்டு வருடம்வரை சிறையும் கிடைக்கலாம் என்று அறிவித்தலின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்ததை அக்கா சத்தமாக வாசித்துக் காட்டினார். "பெட்ரோல் நிலையத்தில் இருந்தபோது நிம்மதியாக இருந்தீர்கள்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்தார்.

கம்பனிக்கு எழுதினேன். கட்டடம் உங்களுடையது, திருத்தித் தாருங்கள் என்று. பத்து நாளில் பதில் வந்தது: குறிப்பிட்ட இரண்டு சரத்துகளின்படி உட்புறப் பராமரிப்பும் சட்டத் தேவைகளை நிறைவேற்றுவதும் குத்தகைக்காரரின் கடமை. அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அதிகாரியிடம் போனேன், இடிந்துபோய். அவர் சொன்ன விளக்கம்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. ஒப்பந்தம் செலவை யார் தலையில் வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் கட்டடத்தின் எந்தப் பகுதியைப் பழுதுபார்க்கும் கடமை யாரிடம் இருக்கிறதோ, அந்த அளவுக்கு அவரும் சட்டத்தின் பார்வையில் கட்டுப்பாடு உள்ளவராகிறார். ஆணையின் ஐந்தாம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கூரையும் கட்டமைப்பும் தனது என்று கம்பனி எழுதி வைத்திருந்தால், அந்தக் கட்டமைப்பில் தீ புகும் வழி இருந்தால், அதற்குக் கம்பனியும் பதில் சொல்லவேண்டும். ஒரு கட்டடத்தில் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட பொறுப்பாளர்கள் இருந்தால், ஒருவரோடொருவர் ஒத்துழைக்கவேண்டும் என்று இன்னொரு பிரிவு.

அப்படியானால் பாரின் மேல்தட்டு யாருடையது? இந்தக் கேள்வியில் இரண்டு மாதம் போனது. கீழிருந்து பார்த்தால் சாந்து பூசிய கூரைத்தட்டு; அது உட்புறம், என்னுடையது. சாந்துக்கு மேல் மரச்சலாகைகள், அவற்றுக்கு மேல் உத்திரங்கள். அவை கட்டமைப்பு, கம்பனியுடையது. உத்திரத்துக்கு மேல் பலகை, அதன்மேல் என் பிள்ளைகளின் கட்டில். பழைய சலாகைச் சாந்து, உடையாமல் இருந்தால் தீயைக் கொஞ்ச நேரம் தாங்கும். எங்களுடையதில் முந்தைய குத்தகைக்காரர் அழகுக்காக இருபத்திரண்டு வட்டத் துளைகள் வெட்டி, உள்ளே பதியும் விளக்குகள் பொருத்தியிருந்தார். இருபத்திரண்டு புகைபோக்கிகள். தீ அபாய மதிப்பீடு செய்ய வந்த மதிப்பீட்டாளர் ஒரு விளக்கைக் கழற்றி டார்ச்சை அடித்துக் காட்டினார். மேலே பலகையின் இடுக்கில் என் மகளின் நீல நிறக் கம்பளம் தெரிந்தது.

அதுபோதாதென்று, நிலவறையிலிருந்து முதல் மாடிவரை ஒரு பழைய சாப்பாட்டுத் தூக்கியின் பாதை. பெட்டியை எப்போதோ எடுத்துவிட்டார்கள். வெற்றுக் குழியாக நின்றது. மாடியில் அதன் வாயை மெல்லிய ஒட்டுப்பலகையால் மூடி வண்ணம் அடித்து, அதன்முன் நாங்கள் குளிர்சாதனப் பெட்டியை வைத்திருந்தோம். நிலவறையிலிருந்து பியர்க் குழாய்க் கட்டு மேலே வரும் துளை என் கை போகும் அளவுக்கு இருந்தது. இணைய இணைப்புப் போட வந்தவர் துளைத்துவிட்டுப் போன ஓட்டைகள் தனி. கட்டுமானக் கடையில் கிடைக்கும் சாதாரண நுரையை அடித்து நானே அடைத்துவிடலாம் என்று பார்த்தேன். எரியும் நுரையால் தீயைத் தடுக்கலாமா என்று மதிப்பீட்டாளர் கேட்டார். சூட்டில் விரிந்து துளையை அடைக்கும் பூச்சு என்று ஒன்று தனியாக இருக்கிறது.

கடைசியில் உடன்பாடு ஏற்பட்டது. தூக்கிக் குழியை அடைப்பது, உத்திரங்களுக்கிடையே தீத்தடுப்புப் பஞ்சு போடுவது கம்பனி செலவு. விளக்குத் துளைகளை மூடிப் புதிய தீத்தடுப்புப் பலகை அடிப்பது, கதவுகள், எச்சரிக்கைக் கருவி எல்லாம் நான். என் பங்கு பதினோராயிரம் பவுண்டைத் தாண்டியது. கையெழுத்திடும் முன் ஒரு மதிப்பீட்டாளரைக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தால் சில நூறு பவுண்டு. அந்தப் பதினோராயிரத்தைக் கம்பனியிடம் பேரம் பேசி வாடகையிலாவது கழித்திருப்பேன். குத்தகை எடுக்க நினைக்கும் எவரிடமும் நான் இப்போது கேட்பது ஒன்றைத்தான்: பாருக்கும் படுக்கைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஓர் அடித் தடிப்பு யாருடையது என்று எழுத்தில் வாங்கினாயா?

எச்சரிக்கைக் கருவியின் கதை இதைவிட வெட்கம். பாரில் நல்ல கருவிதான் இருந்தது. சிவப்புப் பெட்டிகள், மணி எல்லாம். ஆனால் கம்பிகள் தரைத்தளத்தோடு முடிந்துவிட்டன. இரவு மூன்று மணிக்குப் பாரில் தீப்பிடித்தால் மணி வெற்றுக் கதிரைகளுக்கு அடிக்கும். மாடியில் எங்களிடம் இருந்தது ஒரு மின்கலப் புகைக்கருவி. மீன் பொரிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று அதன் மின்கலத்தை எடுத்துத் தொலைக்காட்சிக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போட்டிருந்தேன். புதிதாகப் பொருத்தியவர் கீழிருக்கும் உணரிகளை மாடியின் மணிகளோடு இணைத்தார். பிறகு எல்லாக் கதவுகளையும் மூடிவிட்டு, ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஓர் அளவுகோலை வைத்துச் சத்தத்தைப் பார்த்தார். உறங்குகிறவரை எழுப்ப அந்த இடத்தில் 75 டெசிபல் வேண்டும். தம்பியின் அறையில் 61தான் வந்தது. அங்கே இன்னொரு மணி வைத்தோம்.

குசினியின் புகைபோக்கிக் குழாய் என் மகளின் அறை மூலையில், பலகைப் பெட்டிக்குள் ஏறிக் கூரைக்குப் போனது. குளிர்காலத்தில் அவள் அந்த மூலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வாசிப்பாள். "சூடான சுவர்" என்று அதற்குப் பெயரே வைத்திருந்தாள். குழாய் துப்புரவாளர்கள் பக்கத் தகட்டைத் திறந்தபோது உள்ளே தேன் நிறத்தில் கொழுப்பு வழிந்து உறைந்திருந்தது. கொழுப்பின் சராசரித் தடிப்பு 200 மைக்ரானை, அதாவது 0.2 மில்லிமீட்டரை, தாண்டினாலே துப்புரவு செய்யவேண்டும் என்பது அந்தத் தொழிலின் அளவு. எங்களுடையதை அளக்க அவர்களுடைய சீப்புப் போன்ற அளவி தேவைப்படவில்லை, விரல் நகம் போதுமாக இருந்தது. குசினி ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை குழாயைச் சுத்தம் செய்யவேண்டும். அதற்கான சான்று இல்லாவிட்டால் காப்புறுதிக்காரர் கையை விரித்துவிடுவார். எங்கள் தீ துணியில் பிடித்தது, அதற்கும் அவர் முதலில் கேட்டது குழாய்ச் சான்றைத்தான். அந்தக் குழாய்க்குத் தீத்தடுப்பு உறை போட்டு முடித்தபின் சுவர் குளிர்ந்துவிட்டது. மகள் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

கதவுகளைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்குகிறேன். முப்பது நிமிடம் தீயைத் தாங்கும் கதவு, மூன்று கீல், ஓரத்தில் சூட்டில் விரியும் பட்டை, புகையை மறிக்கும் தூரிகை, தானாக மூடும் கருவி எல்லாம் சேர்ந்துதான் தீக்கதவு. கதவுக்கும் சட்டத்துக்கும் இடைவெளி மூன்று மில்லிமீட்டர் அளவில் இருக்கவேண்டும்; ஒரு பவுண்டு நாணயத்தைச் செருகிப் பார்த்தால் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குத் தானாக மூடும் கதவு எரிச்சல்தான். அதனால்தான் அரிசி மூட்டை. மணி அடித்தவுடன் பிடியை விட்டுவிடும் காந்தப் பிடிப்பான் விற்கிறார்கள். அதைப் பொருத்தினோம், அரிசி மூட்டை களஞ்சியத்துக்குப் போனது. பின்கதவில் தாழ்ப்பாள்களை எடுத்துவிட்டு, உள்ளிருந்து கையால் திருகினாலே திறக்கும் பூட்டுப் போட்டோம். திருடனுக்குப் பயந்து போட்ட பூட்டு அது; அந்த இரவில் எங்களைத்தான் அடைத்துவைத்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மணிச் சோதனை. ஒவ்வொரு கிழமையும் வேறொரு சிவப்புப் பெட்டி. எங்களிடம் ஏழு இருந்தன, ஒரு சுற்று முடிய ஏழு கிழமை. எந்தப் பெட்டி, எத்தனை மணிக்கு, யார் என்று குறிப்பேட்டில் எழுதவேண்டும். அந்த நேரத்துக்கு வரும் கிழவர் ஒருவர் மணி அடித்தவுடன் கோப்பையை உயர்த்தி அரசியாருக்கு வாழ்த்துச் சொல்வார். அவசர விளக்குகளுக்கு மாதம் ஒருமுறை சிறு சோதனை, வருடத்துக்கு ஒருமுறை மூன்று மணிநேரம் முழுதாக எரியவிடும் சோதனை. பொரிப்பானுக்குப் பக்கத்தில் மஞ்சள் பட்டை போட்ட, ஈர இரசாயனத் தீயணைப்பான். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீரைத் தெளித்தால் என்ன ஆகும் என்று தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. இவற்றையெல்லாம் எழுதிவைக்கும் வேலையைத் தம்பி எடுத்துக்கொண்டான். அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

2017 ஜூனில் லண்டனில் 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் குடியிருப்புக் கோபுரத் தீக்குப் பின் சட்டம் இன்னும் இறுகியது. முன்பு ஐந்து பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் பெரும்பாலான சிறிய இடங்கள் மதிப்பீட்டை எழுத்தில் வைக்கவேண்டியதில்லை. 2023 அக்டோபர் 1 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. எல்லோரும் முழுமையாக எழுதிவைக்கவேண்டும், மதிப்பீடு செய்தவர் யார் என்பதையும் சேர்த்து. ஒரே கட்டடத்தில் உள்ள மற்றப் பொறுப்பாளர்கள் யார் என்று தேடிக் கண்டுபிடித்து, தகவலைப் பகிரவேண்டும். கம்பனியோடு நான் இரண்டு மாதம் மல்லுக்கட்டியது இப்போது கடிதத் தலைப்பிலேயே தொடங்கவேண்டிய கடமை. பொறுப்பாளர் விலகும்போது, தன்னிடமுள்ள தீப் பாதுகாப்புத் தகவல்களை அடுத்து வருகிறவரிடம் கையளிக்கவும் வேண்டும். இவை இங்கிலாந்துக்குப் பொருந்துபவை. ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டங்கள்.

போன வருடம் குத்தகையை ஓர் இளம் பெண்ணுக்கு மாற்றிக்கொடுத்தோம். முழங்கால் வலி, கொரோனாக் காலத்துக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று பல காரணம். தம்பி இப்போது லீட்ஸ் பக்கம் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான்; மேலே வீடு இல்லாத கடை. கையளிக்கும் நாளில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தடித்த கோப்பும் ஒன்பது திறப்புகளும் கொடுத்தேன். மதிப்பீடு, கூரைத்தட்டுப் படங்கள், குழாய்ச் சான்றுகள், கம்பனியின் கடிதங்கள், குறிப்பேடு. அந்தப் பழைய சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றி அவளிடம் காட்டி, இதை நம்பாதே என்றேன். அழகாக இருக்கிறது, பாரில் மாட்டுகிறேன் என்றாள். நடைவழியில் நின்று காந்தப் பிடிப்பானை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். தரையில் வெளுத்த ஒரு சதுரம் இருந்தது. இங்கே என்ன இருந்தது என்று கேட்டாள். அரிசி மூட்டை என்றேன். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, "நாளை செவ்வாய்க்கிழமை. நான்காம் எண் பெட்டி, நிலவறைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது" என்று காட்டிவிட்டுப் பேனாவை அவளிடம் கொடுத்தேன்.